தொடுதல், இழுத்தல், வலி

மயக்க மருந்து டாக்டர் ஜெனிஃபர் கேள்வி கேட்டது சொர்ணலதாவிடம். பதில் சொன்னது அவள் கணவன் மல்லப்பன்.

"முதல் குழந்தையும் சிசேரியன்னு போட்டிருக்கு. முதுகுல ஊசி போட்டுத்தானே பண்ணாங்க? அப்போ ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். நல்லபடியாத்தான் ஆச்சு. பொண்ணுக்கு இப்ப நாலு வயசு."

சொர்ணலதாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. ஆனால் எதிரே இருப்பவர் தமிழில் பேசினாலும் கன்னடத்தில் பேசினாலும் உதட்டைப் பார்த்துப் பாதிக்குமேல் புரிந்துகொள்வாள். கணவனின் உதடு அவளுக்கு அத்துப்படி. அந்த உதட்டில் 'ஒண்ணும் இல்லீங்க' என்ற சொல் உருவானதைப் பார்த்ததும் உள்ளங்கையால் மேசையை ஓங்கித் தட்டினாள். பேனா உருண்டு தரையில் விழுந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கைகள் வேகவேகமாக அசைந்தன. மல்லப்பன் அவள் கையைப் பார்ப்பதா, டாக்டரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நெளிந்தான்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஜெனிஃபர்.

"அது வந்துங்க மேடம்... மொதப் பிரசவம் பாருங்க, பயந்துட்டா. அதைத்தான்..."

மறுபடியும் மேசையில் அடி விழுந்தது.

ஜெனிஃபர் எழுந்து நாற்காலியை இழுத்து வந்து சொர்ணலதாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், ஆஸ்பத்திரியில் எல்லாம் கலந்த ஒன்று.

"ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க," என்றார் மல்லப்பனிடம். "நீங்க எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். அவங்க கை என்ன சொல்லுதோ அதை அப்படியே சொல்லுங்க. 'அவ'ன்னு சொல்லாதீங்க. 'நான்'னே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மல்லப்பன் தலையாட்டினான். சொர்ணலதா முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை மெதுவாக.

"என்னை மேசையில படுக்க வச்சாங்க," என்றான் மல்லப்பன், அவள் கையைப் பார்த்தபடி. "ரெண்டு கையையும் ரெண்டு பக்கம் நீட்டி, பலகை மேல வச்சு, பட்டை போட்டுக் கட்டினாங்க. எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாங்க. ஒரு வாயும் தெரியல. மூஞ்சிக்கு முன்னாடி துணி கட்டிட்டாங்க. குழந்தை வர்ற வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம்..."

அவன் நிறுத்தினான். அவள் கை நிற்கவில்லை.

"அப்புறம் வலிச்சது. உள்ளே கை விட்டுப் பிசையறது தெரிஞ்சது. ஊசி ஏறி இறங்கறது தெரிஞ்சது. தலையை ஆட்டினேன். கத்தினேன். ஊமை பயத்துல கத்தறான்னு நினைச்சிருப்பாங்க. ஒரு நர்ஸ் என் நெத்தியைத் தடவிக் கொடுத்தாங்க. அவங்க கண்ணு சிரிச்சது. என் கையை அவிழ்த்து விட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்குக் கைதான் வாய். வாயைக் கட்டிட்டுத்தான்..."

கடைசி வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. இந்தக் கதையை அவன் இதற்கு முன் பலமுறை அவள் கையில் பார்த்திருக்கிறான். எல்லோருக்கும் கொஞ்சம் வலி இருக்கத்தானே செய்யும், பெண்கள் பெரிதாகச் சொல்வார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறான். இன்றுதான் அதைத் தன் வாயால், 'எனக்கு' என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜெனிஃபர் தாடைக்குக் கீழே இறக்கியிருந்த மாஸ்க்கை முழுவதுமாகக் கழற்றி, உதடு நன்றாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்."

சொர்ணலதா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் படித்தோமா என்று கணவன் பக்கம் திரும்பினாள். அவன் கையால் அதையே சொன்னான். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழுவதற்கு வரவில்லை அவள். முடிவாக ஒன்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். முதுகு ஊசி வேண்டாம். ஒன்றும் தெரியாமல் முழுதாகத் தூங்க வைத்துவிடுங்கள். முடியாதென்றால் நான் இந்த ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்.

"முழுசாத் தூங்க வைக்கவும் முடியும்," என்றார் ஜெனிஃபர். "அது உங்க உரிமை. ஆனா ரெண்டையும் சொல்லிடறேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. முதுகு ஊசின்னா உங்களுக்கும் குழந்தைக்கும் ஆபத்து கம்மி. குழந்தை வெளியே வந்த உடனே பார்க்கலாம். ஆனா சில பேருக்கு அந்த மருந்து போதுமான உயரத்துக்கு ஏறாது. சில பேருக்கு நடுவுலயே இறங்க ஆரம்பிச்சிடும். அப்போ வலிக்கும். அதுக்கு மருந்து இருக்கு. டிரிப்ஸ் வழியா உடனே கொடுக்கலாம். பத்தலேன்னா அந்த நிமிஷமே தூங்க வைக்கலாம். எல்லாம் என் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கும். ஆனா வலி எந்த மெஷின்லயும் தெரியாது. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

மல்லப்பன் எல்லாவற்றையும் கையால் சொல்லி முடித்தான். சொர்ணலதா கேட்டாள்: "கை?"

"கட்ட விடமாட்டேன்."

உடனே சரி என்று அவள் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

இரண்டு பேருக்கும் ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. கல்யாணமான பிறகு மைசூர் வந்தவர்கள். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. மல்லப்பன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். சொர்ணலதா ஊதுபத்தி கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறாள். காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள், கன்னடம் நன்றாக எழுதுவாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மல்லப்பன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். சிக்னலில் நின்றபோது மட்டும் ஒரு கையை எடுத்து அவளிடம் சொன்னான்: "இத்தனை வருஷமா நான் அரைகுறையாத்தான் பார்த்திருக்கேன்."

ஹாரன் அடித்த பின்வண்டிக்காரனைத் திரும்பி முறைத்த கணவனின் தோளில் அவள் கை வைத்து, பச்சை விழுந்துவிட்டது என்று காட்டினாள்.

அடுத்த வாரம் அவளாகவே வந்தாள், முதுகு ஊசிக்குச் சம்மதம் என்று. ஆனால் வெறும் சம்மதத்தோடு வரவில்லை. இரவெல்லாம் யோசித்த கேள்விகளோடு வந்தாள்.

ஜெனிஃபர் ஒரு யோசனை வைத்திருந்தார். வலி கொஞ்சம் என்றால் ஒரு விரல், தாங்க முடியாது என்றால் ஐந்து விரல். சொர்ணலதா தலையை ஆட்டி மறுத்தாள். அவள் கை சொன்னதை மல்லப்பன் இப்போது தயங்காமல் சொன்னான்.

"வலி எவ்வளவுங்கறது அப்புறம். எது வலி, எது வலி இல்லேன்னு எனக்கே எப்படித் தெரியும்? போன தடவை மொதல்ல ஏதோ தொட்ட மாதிரி இருந்துச்சு. அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா மனசு அப்படித் துடிச்சிருக்காது."

ஜெனிஃபர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இதை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நல்ல கேள்வி. ஊசி நல்லா வேலை செஞ்சாலும் தொடறது தெரியும். இழுக்கறது, அமுக்கறது தெரியும். குழந்தையை எடுக்கும்போது வயித்து மேல யாரோ உட்கார்ந்த மாதிரிகூட இருக்கும். அதெல்லாம் வரும்னு எதிர்பார்க்கலாம். குத்தறது, எரியறது, அறுக்கறது தெரியக்கூடாது. அது வலி."

அப்படியென்றால் மூன்று சைகை வேண்டும் என்றாள் சொர்ணலதா. தொடுதலுக்கு, ஆள்காட்டி விரலால் கட்டை விரலைத் தட்டுவது. இழுத்தலுக்கு, மூடிய முஷ்டியைத் தன் பக்கம் நகர்த்துவது. வலிக்கு அவள் வழக்கமாகச் செய்வது, சுட்டுக்கொண்டவள் போலக் கையை உதறுவது.

"அது ஆகாது," என்றார் ஜெனிஃபர். "முதுகு ஊசி போட்டா நிறைய பேருக்கு உடம்பு நடுங்கும். கை தானா உதறும். நடுக்கமா வலியான்னு நான் குழம்பிடுவேன்."

சொர்ணலதா சற்று யோசித்தாள். பிறகு ஆள்காட்டி விரலைக் கொக்கி போல வளைத்து நிமிர்த்திப் பிடித்தாள். நடுங்கினாலும் கொக்கி கொக்கிதான். ஜெனிஃபரும் அதே மாதிரி விரலை வளைத்துக் காட்டினார். தூங்க வைக்க வேண்டுமென்றால் கையைக் கன்னத்தில் வைப்பது என்று அதையும் பேசிக்கொண்டார்கள்.

பிறகு எந்தக் கருவியை எங்கே மாட்டுவது என்று பார்த்தார்கள். டிரிப்ஸ் ஊசியைப் புறங்கையில் குத்தினால் மணிக்கட்டை மடக்க முடியாது, அதனால் இடது முழங்கைக்குக் கீழே போடலாம். இரத்த அழுத்தப் பட்டை வலது மேல்கையில். நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் பார்க்கிற கிளிப்பை எப்போதும் விரலில் மாட்டுவார்கள். விரல் வேண்டியிருக்கிறது, காதில் மாட்டலாமா என்று கேட்டார் ஜெனிஃபர்.

சொர்ணலதா அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள். மல்லப்பனும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "'பரவாயில்ல, இந்தக் காதுக்கும் கடைசியில ஒரு வேலை கிடைச்சிடுச்சு'ங்கறா மேடம். மன்னிச்சுக்குங்க, 'ங்கறேன்'."

அறுவை செய்யப் போகிறவர் பெரிய டாக்டர் சுந்தராம்பாள். அவரை ஒப்புக்கொள்ள வைப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

"கை கட்டறது கொடுமைக்கு இல்லம்மா ஜெனிஃபர்," என்றார் அவர். "தன்னையறியாம கையைக் கொண்டு வந்து திறந்த வயித்துல வச்சிட்டா? சீழ் பிடிச்சா அவஸ்தைப்படறது அவங்கதான்."

இதை ஜெனிஃபர் ஒளிக்காமல் சொர்ணலதாவிடமே சொல்லிவிட்டார். அவள் எழுந்து சுந்தராம்பாளின் முன் போய் நின்றாள். வலது கையைக் கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே வைத்துக்கொண்டு, ஒரு சின்ன ஜன்னல் அளவு இடத்துக்குள்ளேயே மூன்று சைகைகளையும் காட்டினாள். முழங்கை விலாவை விட்டு விலகவே இல்லை. கம்பெனியில் பக்கத்துப் பெண்ணோடு மேஸ்திரிக்குத் தெரியாமல் பேசுவது இப்படித்தான் என்று மல்லப்பனைச் சொல்லச் சொன்னாள்.

சுந்தராம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த அளவுக்குள்ள இருந்தா சரி. வீட்டுக்காரரும் தலைமாட்டுல உட்காரட்டும். இங்க வழக்கமில்ல. இருந்தாலும் வரட்டும்."

நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது.

மல்லப்பன் அன்று ஹனூர் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொர்ணலதாவுக்கு இடுப்பில் இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்திலேயே அடுத்தது வந்தது. அவள் கீழே இறங்கிக் கீழ்வீட்டு செலினின் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் செலின் அன்று விடுப்பில் இருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, சொர்ணலதாவின் மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, சந்து முனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள். வழியில் மல்லப்பனுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாள். ஹனூரைத் தாண்டிக் காட்டு ரோட்டில் இருந்தான் போல. மணியே அடிக்கவில்லை.

ஒருமுறை அறுத்த கருப்பை, பிரசவ வலி வேறு. காத்திருக்கக் கூடாது என்றார் சுந்தராம்பாள். ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்தார்கள்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த சொர்ணலதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் மாஸ்க். தன் கையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கேயோ காட்டுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது ஒரு கை அவள் தோளைத் தொட்டது. ஜெனிஃபர்தான். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கி, முகத்தைக் காட்டினார்.

"அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கு, வந்திடுவாரு. அதுவரைக்கும் நாம ரெண்டு பேர்தான். நான் தலைமாட்டுல இருப்பேன். உங்க கையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

பிறகு ஆள்காட்டி விரலால் கட்டை விரலைத் தட்டினார். முஷ்டியைத் தன் பக்கம் நகர்த்தினார். விரலைக் கொக்கியாக வளைத்தார். மூன்றும் சரியாக இருந்தன. சொர்ணலதா மெல்லத் தலையசைத்தாள். ஜெனிஃபர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார்.

உட்கார வைத்து, முதுகை வளைத்து, ஊசி போட்டார்கள். மரத்துப்போக வைக்கும் மருந்தோடு துளி ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் அதில் இருந்தது. படுக்க வைத்ததும் கால் சூடாகி, கனத்து, தன்னுடையதல்லாத ஏதோ பொருளாகிவிட்டது.

நர்ஸ் தேவம்மா அவளுடைய வலது கையைப் பிடித்துப் பலகையில் நீட்டினாள். பட்டையை எடுத்து மணிக்கட்டில் சுற்றத் தொடங்கினாள்.

சொர்ணலதாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவளுக்குக் கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் கேட்டது.

"தேவம்மா, பேடா! கட்டு வேண்டாம்."

"அய்யோ, மேடம், பழக்கதோஷம்!" தேவம்மா பட்டையைக் கீழே போட்டுவிட்டாள். அவள் செய்த அடுத்த காரியத்தைச் சொர்ணலதா எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, மன்னித்துக்கொள் என்று கண்ணால் கேட்டாள். கட்டிய பட்டையின் சுவடுகூட மணிக்கட்டில் இல்லை. கை மார்பின் மேல் வந்து அமர்ந்தது.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஜெனிஃபர் முதலில் அவள் தோளில் வைத்தார். ஜில்லென்று இருந்தது. தொப்புளுக்குக் கீழே வைத்தார். தொட்டது மட்டும் தெரிந்தது. சொர்ணலதா ஆள்காட்டி விரலால் கட்டை விரலைத் தட்டினாள். வலது விலாவுக்குக் கீழே, தொடுதல்தான். இடது பக்கம் வைத்தபோது அவள் புருவம் சுருங்கியது. ஜில்லென்று இருந்தது. தலையை ஆட்டி மறுத்தாள்.

"மேடம், இடது பக்கம் இன்னும் ஏறல. கொஞ்சம் டைம் கொடுங்க," என்றார் ஜெனிஃபர். மேசையை இடப்பக்கமாகச் சாய்த்தார்.

சுந்தராம்பாள் கையுறை போட்ட கைகளை மார்புக்கு முன் கோத்தபடி நின்றார். மறுபடியும் பஞ்சை வைத்துப் பார்த்தார்கள். இப்போது இடது பக்கமும் ஜில்லிப்பு இல்லை. தொடுதல் என்றது விரல்.

துணித் திரை ஏறியது. சொர்ணலதா கண்ணை மேலே, ஜெனிஃபரின் கண்ணில் வைத்திருந்தாள். அந்தக் கண் அவள் கையில் இருந்தது. தொடுதல். தொடுதல். பிறகு இழுத்தல். வயிற்றின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். மூச்சு முட்டியது. முஷ்டி தன் பக்கம் நகர்ந்தது, மறுபடி நகர்ந்தது. இது வரும் என்று முன்பே சொன்னதுதான் என்று ஜெனிஃபரும் முஷ்டியைக் காட்டினார். சட்டென்று பாரம் இறங்கியது. திரையைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். சிவந்து, நனைந்து, வாயை முழுதாகத் திறந்து ஒரு பையன். அந்த வாய் போடும் சத்தம் எவ்வளவு பெரியது என்பதை அவள் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

குழந்தையைத் துடைக்க எடுத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் நடுக்கம் ஆரம்பித்தது. பல் கிட்டித்தது. தோள், கை எல்லாம் தன்னால் ஆடின. தேவம்மா சூடான போர்வையைத் தோள்மேல் போட்டாள்.

அந்த நடுக்கத்துக்கு நடுவே, இடது பக்கத்தில், ஆழத்தில், ஒன்று ஆரம்பித்தது.

இழுத்தல்தானோ? அவள் அப்படித்தான் முதலில் நினைக்கப் பார்த்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது. குழந்தை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம். எதற்கு எல்லோரையும் நிறுத்தவேண்டும்? தாங்கிக்கொண்டால் ஆயிற்று. அது மறுபடியும் வந்தது. இந்த முறை சந்தேகமே இல்லை. எரிச்சலாக, கூர்மையாக, ஏறி இறங்கியது.

அவள் விரலை வளைத்தாள். கை முழுதும் ஆடியது. விரல் மட்டும் வளைந்தே நின்றது.

"மேடம், நிறுத்துங்க. வலிக்குது அவங்களுக்கு."

நின்றுவிட்டது.

ஜெனிஃபர் சொன்னது அவளுக்குத் தெரியாது. சுந்தராம்பாள் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது திரைக்கு அந்தப் பக்கம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்று தன் ஒரு விரலுக்காக நின்றது என்பதுதான்.

ஜெனிஃபர் ஊசிக்குழாயைக் காட்டி, டிரிப்ஸ் வழியாக மருந்தை ஏற்றினார். ஃபென்டனில்தான், இந்த முறை இரத்தத்துக்குள். பிறகு கையைக் கன்னத்தில் வைத்து, தூங்க வைக்கட்டுமா என்று கேட்டார். சொர்ணலதா யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். எரிச்சல் மங்கி, எங்கோ தள்ளிப்போய், வெறும் அசைவாக மாறியது. சுந்தராம்பாள் உள்ளே மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

விரல் கட்டை விரலைத் தட்டியது. தொடுதல்.

"மேடம், தொடரலாம்."

தையல் முடியும்வரை அந்த விரல் மறுபடி வளையவில்லை.

மல்லப்பன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சட்டையெல்லாம் தூசி. செலினின் கையிலிருந்த மகனைச் சரியாகக்கூடப் பார்க்காமல் நேரே மனைவியின் கட்டிலுக்கு வந்தான்.

"வலிச்சதா?" என்று கேட்டது அவன் கை.

"வலிச்சது," என்றாள் அவள். "சொன்னேன். நிறுத்தினாங்க."

அவன் கட்டிலோரத்தில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் அவன் தலைமுடியிலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு போய்ப் பையனைப் பார் என்று விரட்டினாள்.

இரவு காலில் உணர்வு திரும்பியது. அதோடு காயமும் விழித்துக்கொண்டது. ரவுண்டு வந்த நர்ஸ் கேட்பதற்கு முன்பே சொர்ணலதா விரலை வளைத்துக் காட்டினாள். தியேட்டரிலிருந்து அந்தச் செய்தி வார்டுக்கு வந்திருந்தது போலும். நர்ஸ் மாத்திரை கொடுத்து, டிரிப்ஸில் ஒரு பாட்டிலையும் மாற்றினாள். காலையில் சுந்தராம்பாள் வந்து தையலைப் பார்த்தார். போகும்போது மல்லப்பனிடம், "அடுத்த வாரம் இன்னொரு அம்மா வர்றாங்க. காது கேட்கும், பேசுவாங்க. ஆனா அவங்களுக்கும் கை கட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் இந்தச் சைகையைச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்போம், என்ன ஆகுதுன்னு," என்றார். இதை ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று மல்லப்பனுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் மனைவியிடம் சொன்னான்.

அன்று மத்தியானம் அடுத்த கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சின்ன வயது. முதல் பிரசவம், அதுவும் சிசேரியன். கூட வந்திருந்த தாய் பால் வாங்கிவரப் போயிருந்தாள். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போர்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சத்தமும் போடவில்லை என்பதை வார்டில் மற்றவர்கள் அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள். சொர்ணலதா அவள் தோளைப் பார்த்தாள். போர்வையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

தலைமாட்டிலிருந்த மணியை அழுத்தினாள். நர்ஸ் வந்ததும், தனக்கில்லை என்று கையசைத்து, பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள்.

நர்ஸ் குனிந்து கன்னடத்தில் கேட்டாள். "நோவா? ரொம்பவா?"

"இல்ல சிஸ்டர்... கொஞ்சம். அம்மா தாங்கிக்கணும்னு சொன்னாங்க."

"எதுக்குத் தாங்கணும்? மருந்து இருக்குல்ல?"

ஊசி போட்டபிறகு சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து போர்வை நுனி நழுவியது. அவள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். சொர்ணலதாவுக்குக் காது கேட்காது என்பது அவளுக்குத் தெரியாது. ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது பாதிதான் புரிந்தது. பேர் கேட்கிறாளோ, குழந்தை என்ன என்று கேட்கிறாளோ. சொர்ணலதா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பையனைத் தூக்கி, அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.